அக்டோபர் கடைசி வாரம் கிரீட் தீவு: போகலாமா, கடையைக் கட்டியிருப்பார்களா?

லீட்ஸ்_திருச்சிக்காரன்

கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போய் வந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். பிள்ளைகளுக்கு அக்டோபர் கடைசி வாரம்தான் பள்ளி விடுமுறை, அதை விட்டால் கிறிஸ்துமஸ்தான். இந்த முறை அப்பா அம்மாவும் திருச்சியிலிருந்து வந்திருப்பார்கள். அம்மாவுக்கு முட்டி வலி, மாடிப்படி என்றாலே முகம் மாறிவிடும். இரண்டு பேரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பெரியவனுக்கு 13 வயது, மலை ஏற வேண்டும் என்கிறான், சின்னவளுக்குக் கடலில் இறங்கினால் போதும். மனைவிக்குப் பழைய அரண்மனை, மியூசியம் எல்லாம் வேண்டும். எனக்குக் கூட்டம் இல்லாமல் இருந்தால் சரி.

இங்கே பிரிட்டனில் ஒரு ஏஜெண்ட், "சீசன் முடியும் நேரம் சார், பாதி விலை, அதே வெயில்" என்கிறார். பாதி விலை என்பது கண்ணால் பார்த்துவிட்டேன். அதே வெயிலா என்பதுதான் கேள்வி. மாலியா பக்கம் ஒரு பெரிய கடற்கரை ரிசார்ட்டைக் காட்டுகிறார். எடுக்கலாமா?

கடலோடி

மாலியா ரிசார்ட்டை எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் அதை நிறுத்துங்கள்.

நான் கப்பல் வேலையில் இருப்பவன், ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகமும் கிரீட்டும் எனக்குப் பழகிய இடங்கள். அக்டோபர் முதல் பாதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்வேன். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்தெமி காற்று அப்போது ஓய்ந்திருக்கும், கடல் 23 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஜூன் தொடக்கத்தில்கூடக் கடல் அவ்வளவு சூடாக இருக்காது, ஏனென்றால் கோடை முழுக்க வாங்கிய சூட்டைத் தண்ணீர் மெதுவாகத்தான் விடும். நவம்பர் பாதிக்கு மேல் அது வேறு தீவு, அதிலும் ஒரு தெளிவு உண்டு. உங்கள் வாரம் இருக்கிறதே, அதுதான் மதில்மேல் பூனை. அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். சனிக்கிழமை மாலை ஆறரைக்கு மறைந்த சூரியன் ஞாயிறு ஐந்தரைக்கே மறையும். அந்த வாரத்தோடு பிரிட்டன், ஜெர்மனியிலிருந்து வரும் நேரடி விடுமுறை விமானங்கள் ஏறக்குறைய நின்றுபோகும். மாலியா, ஹெர்சோனிசோஸ், எலூண்டா மாதிரி விமானப் பயணிகளை நம்பியே வாழும் கடற்கரைகளில் விமானம் நின்றால் விளக்கும் அணையும். நீங்கள் போய் இறங்கும்போது நீச்சல்குளத்தில் தண்ணீர் இருக்கும், ஆனால் எதிர்ச் சாரியில் பாதிக் கடைகள் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பாதி விலை ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

வன்னிக்குயில்

கடலோடி அண்ணா சொல்வது ரிசார்ட் பகுதிக்குச் சரி, ஆனால் தீவு முழுக்க அப்படி இல்லை. நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம், எங்கட பிள்ளைகளுக்கும் இலையுதிர்கால விடுமுறை அக்டோபரில்தான் வரும், அதனால் எங்களுக்கு இது பழகின காலம்.

ஊர் மக்கள் வருடம் முழுக்க வாழ்கிற இடத்தில் தங்குங்கள், அவ்வளவுதான் விசயம். ஹன்யா, ரெதிம்னோ, ஹெராக்லியோன் மூன்றும் உண்மையான நகரங்கள். கிரீட்டில் ஆறு லட்சத்துக்கு மேல் சனம், அவர்கள் நவம்பரிலும் சாப்பிடுகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள், கோப்பிக் கடையில் இருந்து கதைக்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு என்னுடைய தெரிவு ரெதிம்னோ. பழைய வெனிஸ்காரர் காலத்து நகரம் பெரும்பாலும் சமதரை, அதன் வாசலிலேயே நீள மணல் கடற்கரை தொடங்குகிறது, பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர்கள் நிறைய, ஆகவே குளிர்காலத்திலும் சந்தடி குறையாது. மேற்கே ஹன்யாவுக்கு ஒரு மணித்தியாலம், கிழக்கே ஹெராக்லியோனுக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஒரே இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு இரண்டு பக்கமும் போய் வரலாம். வயசானவர்களோடு இரவுக்கு இரவு ஹோட்டல் மாறுவது சரியான கரைச்சல்.

பழைய நகரத்துக்குள்ளே அழகான கல் வீடுகளை வாடகைக்கு விடுவார்கள், படத்தில் பார்த்து ஆசைப்படாதீர்கள். குறுகலான மரப்படி, குளியலறை ஒரு தளத்தில், படுக்கை இன்னொரு தளத்தில். அம்மாவுக்கு ஒத்துவராது. அதோடு மழை பெய்தால் அந்தக் கல் சுவர் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். லிஃப்ட் இருக்கா, ஏசியில் வெப்பமும் வருமா என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லீட்ஸ்_திருச்சிக்காரன்

நன்றி அண்ணா, நன்றி அக்கா. மாலியாவை விட்டாச்சு. ரெதிம்னோ வரைபடத்தில் பார்த்தேன், நடுவாக இருக்கிறது, பிடித்திருக்கிறது. பெரியவன் சமரியா பள்ளத்தாக்கு என்று ஒரே பிடியாக நிற்கிறான், யூடியூபில் பார்த்திருக்கிறான். அந்த வாரம் திறந்திருக்குமா?

நடைப்பித்தன்

திறந்திருக்க வேண்டும், ஆனால் திறந்தே இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சமரியா தேசியப் பூங்கா மே 1 முதல் அக்டோபர் 31 வரைதான். அதற்குள்ளும் மழை எச்சரிக்கை வந்தால் அன்றைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, மேலே பெய்கிற மழை எல்லாம் நீங்கள் நடக்கும் ஓடைக்குத்தான் வந்து சேரும். ஆகவே சாத்துவதில் தப்பே இல்லை. முந்தின நாள் மாலை விசாரிக்காமல் பேருந்து டிக்கெட் எடுக்காதீர்கள்.

கிளம்பும் இடம் ஓமாலோஸ் மேட்டுநிலத்தில், 1,200 மீட்டருக்கு மேல். அங்கிருந்து கடல் வரை சுமார் 16 கிலோமீட்டர், எல்லாம் இறக்கம், எல்லாம் கல். இறக்கம்தானே என்று நினைப்பவர்கள்தான் மறுநாள் படியில் பின்பக்கமாக இறங்குவார்கள். கடைசிப் பகுதியில் பாறை இரண்டும் சில மீட்டர் அகலத்துக்கு நெருங்கி, மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் எழுந்து நிற்கும் இடம் வரும், இரும்பு வாசல் என்பார்கள். அதற்காகவே நடக்கலாம். முடிவது ஆயியா ரூமேலி என்ற கடலோர ஊரில், அங்கே சாலை கிடையாது, படகில் ஏறித்தான் சூயாவுக்கோ ஸ்ஃபாக்கியாவுக்கோ போக வேண்டும். இங்கேதான் அக்டோபர் கடைசியின் சிக்கல்: தெற்குக் காற்று எழுந்தால் படகு வராது. பள்ளத்தாக்கு திறந்திருந்தும் வெளியே வர வழி இல்லாமல் அந்த ஊரிலேயே இரவு தங்கியவர்கள் உண்டு. உங்கள் வயதான பெற்றோர் ரெதிம்னோவில் காத்திருக்க, நீங்களும் பையனும் அங்கே மாட்டிக்கொண்டால் நன்றாக இருக்காது.

13 வயதுப் பையனுக்கு இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கு போதும் என்பது என் கருத்து. சுமார் 8 கிலோமீட்டர், மிகக் குறுகலான இடம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, முடிவில் சாலை இருக்கிறது. சமரியா போல அக்டோபர் 31-க்குக் கதவடைப்பதும் இல்லை. மழைக்குப் பிறகு அங்கேயும் இறங்கக் கூடாது, அது எல்லாப் பள்ளத்தாக்குக்கும் பொது.

சாம்பார்வடை

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இவ்வளவு தலைவலி எதற்கு? சைப்ரஸ் போங்கள் சார். இன்னும் தெற்கே, கிழக்கே இருக்கிறது, அக்டோபர் கடைசியில் கடல் கிரீட்டைவிட ஒரு டிகிரியாவது சூடாக இருக்கும், மழை குறைவு, பிரிட்டன் மாதிரியே இடது பக்கம் கார் ஓட்டுகிறார்கள், ஆங்கிலம் எல்லோருக்கும் வரும். பாஃபோஸ், லார்னகா இரண்டுக்கும் குளிர்காலத்திலும் பிரிட்டனிலிருந்து விமானம் உண்டு. கடையைக் கட்டுகிற பேச்சே இல்லை.

கடலோடி

சாம்பார்வடை சொல்வதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. கடலில் குளிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் நானும் சைப்ரஸ்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இவர் வீட்டில் ஒருவருக்கு அரண்மனை, ஒருவருக்கு மலை. கிரீட்டின் நீளம் ஏறக்குறைய 260 கிலோமீட்டர், அதற்குள் 2,400 மீட்டரைத் தாண்டும் மலை இரண்டு இடத்தில். வெயில் அடித்தால் கடல், மழை வந்தால் மியூசியம், மேற்கே மழை என்றால் கிழக்கே போகலாம், வடக்கே அலை என்றால் தெற்கே போகலாம். சீசன் முடிவில் இந்த இடம் மாறும் வசதிதான் முக்கியம். சின்னத் தீவில் மழை பிடித்தால் தீவு முழுக்க மழை.

மேற்கில்தான் மழை அதிகம். லெஃப்கா ஓரி என்னும் வெள்ளை மலைகள் மேகத்தைத் தடுத்து இறக்கிவிடும். கிழக்கே, அதுவும் தென்கிழக்கில் யேராபெத்ரா பக்கம் நிலமே வறண்டது, பசுமைக்குடிலில் தக்காளி விளைகிற ஊர். ரெதிம்னோவில் வானம் மூடினால் மலையைத் தாண்டித் தெற்குக் கரைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போகலாம், பல நாள் அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தெற்குக் காற்று வீசும் நாளில் இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் பல் தேய்க்கும் முன் காற்று வரைபடம் பாருங்கள், அதற்குப் பிறகு எங்கே போவது என்று பேசுங்கள். முன்கூட்டியே நாள் வாரியாகத் திட்டம் போட்டு வருகிறவர்கள்தான் அக்டோபரைத் திட்டுவார்கள்.

லீட்ஸ்_திருச்சிக்காரன்

சரி, கிரீட்டே. மனைவிக்கு நோசோஸ் அரண்மனை பார்க்க வேண்டும். நுழைவுக் கட்டணம் பயமுறுத்துகிறது, ஆறு பேர். அப்புறம் பெற்றோருக்கு விசா. இங்கே வந்த பிறகு எடுக்கலாமா?

பழங்கல்

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, அது உங்கள் வாரத்திலேயே இருக்கிறது. அக்டோபர் 28 கிரேக்கர்களின் தேசிய விடுமுறை. 1940-இல் அதே நாளில் இத்தாலியின் முசோலினி அனுப்பிய இறுதி எச்சரிக்கையைக் கிரேக்கப் பிரதமர் மெத்தாக்ஸாஸ் மறுத்தார், அதன் நினைவு. காலையில் ஒவ்வொரு ஊரிலும் பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்பு, கிரீட்டில் சில இடங்களில் தீவின் உடையிலும் வருவார்கள். அன்றைக்கு அரசுத் தொல்லியல் இடங்களுக்கும் மியூசியங்களுக்கும் கட்டணமே கிடையாது. நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறும் அப்படித்தான். 28-ஆம் தேதி கடைகள் பல மூடியிருக்கும், அதனால் முந்தின நாளே பால், ரொட்டி வாங்கி வையுங்கள்.

நோசோஸ் பற்றி நேராகச் சொல்கிறேன். கோடையில் அங்கே போவது தண்டனை. நிழல் இல்லை, சிம்மாசன அறைக்கு வெளியே வரிசை நிற்கும். அக்டோபர் கடைசியில் காலை திறந்த உடனே போனால் மயில் சத்தம் கேட்டுக்கொண்டு நடக்கலாம். 1878-இல் முதலில் அங்கே தோண்டியவர் உள்ளூர்க்காரரான மினோஸ் கலோகெரினோஸ். 1900-இலிருந்து ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் பெரிய அளவில் தோண்டி, பிறகு தன் கற்பனைக்கு ஏற்பக் கான்கிரீட்டில் தூணும் மாடியும் கட்டி வைத்தார். சிவப்புத் தூண்கள் எல்லாம் அந்தக் காலத்தவை என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் மனைவி மெய்யாகவே ஆர்வம் உள்ளவர் என்றால் தெற்கே ஃபைஸ்டோஸ் அரண்மனைக்குக் கூட்டிப் போங்கள், அங்கே கட்டிடத்தை அப்படி எழுப்பி நிறுத்தவில்லை, இருந்தது இருந்தபடி, கீழே மெசாரா சமவெளி. போகிற வழியில் கோர்த்தினா என்ற பழைய நகரம். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுச் சட்டத்தைக் கல் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு வரி வலமிருந்து இடம், அடுத்த வரி இடமிருந்து வலம். சொத்தில் மகளுக்கு எவ்வளவு பங்கு, மணமுறிவில் மனைவிக்கு என்ன சேரும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2025-இல் நோசோஸ், ஃபைஸ்டோஸ் உட்பட ஆறு மினோவன் (கிரீட்டின் வெண்கலக் கால நாகரிகம்) அரண்மனை இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, ஆகவே இனிமேல் கூட்டம் கூடத்தான் செய்யும்.

ஹெராக்லியோன் மியூசியத்தை மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1908-இல் ஃபைஸ்டோஸில் கிடைத்த களிமண் வட்டு அங்கேதான் இருக்கிறது, இன்றுவரை அதை யாரும் எல்லோரும் ஏற்கும்படி படித்துவிடவில்லை. பெரியவனிடம் விட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். நவம்பர் பிறந்தால் பல இடங்கள் மாலை சீக்கிரம் மூடிவிடும், அதனால் பார்ப்பதை எல்லாம் காலையிலேயே பார்க்கப் பழகுங்கள்.

விசா: பெற்றோர் இந்தியாவிலேயே ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) எடுத்துக்கொண்டு வரட்டும். வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி, பிரிட்டனில் விசிட்டராக இருப்பவர்களின் மனுவைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். உங்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தாலும் 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு உண்டு, கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் கீழே கைரேகை இல்லை. விமான நிலைய வரிசையில் அம்மாவை உட்கார வைக்க ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள்.

சாம்பார்வடை

ஆறு பேர் இலவசமாக உள்ளே போனதில் மிச்சமான காசுக்கு என்ன சாப்பிடுவது? சுத்த சைவம் என்றால் கிரேக்கத்தில் தக்காளியும் ரொட்டியும்தானே?

வன்னிக்குயில்

இதைப்போல ஒரு பிழையான எண்ணம் வேறு இல்லை. கிரேக்கத்தில் மரக்கறிச் சாப்பாடு மிக அதிகமாக இருப்பது கிரீட்டில்தான் என்று சொல்வேன். கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் சபையில் நோன்பு நாட்கள் வருடத்தில் கணக்கில்லாமல் வரும், கிழமைகளில் புதனும் வெள்ளியும், நவம்பர் 15 முதல் கிறிஸ்துமஸ் வரை தொடர்ச்சியாக. அதனால் இறைச்சி, பால், முட்டை இல்லாத சமையல் அவர்களுக்குப் புதிது இல்லை. கடையில் "நிஸ்டிசிமோ", அதாவது நோன்புச் சாப்பாடு, இருக்கா என்று கேளுங்கள். கவனம், அவர்கள் நோன்பில் கணவாய், இறால், சிப்பி எல்லாம் சேர்த்தி! அதனால் கடல் சாமானும் வேண்டாம் என்று கூடவே சொல்லுங்கள்.

ஃபாவா என்று மஞ்சள் பருப்பை மசித்து ஒலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள், அம்மா அப்பாவுக்கு நம்மட பருப்பு மசியல் போல இருக்கும், தாளிதம்தான் இல்லை. கிகாந்தெஸ் என்ற பெரிய அவரைக் கொட்டை தக்காளியில் வேகவைத்தது, பிரியாம் என்ற கத்தரிக்காய் உருளைக்கிழங்கு அடுப்பில் சுட்டது, அரிசி வைத்துச் சுருட்டிய திராட்சை இலை, இவை எல்லாம் எங்கும் கிடைக்கும். திராட்சை இலைக்குள் சில இடத்தில் இறைச்சி வைப்பார்கள், கேளுங்கள். பால் சாமான் சாப்பிடுவார்கள் என்றால் தாக்கோஸ், பார்லி ரஸ்கின் மேல் தக்காளியும் மிசித்ரா சீஸும். சில சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைய வைப்பது, கண்டிப்பான சைவக்காரர் என்றால் அதையும் யோசியுங்கள். முதல் மழை விழுந்த பிறகு மலையில் காட்டுக் கீரை முளைக்கும், ஹோர்தா என்று அவித்து எலுமிச்சை பிழிந்து வைப்பார்கள். கோடையில் போகிறவர்களுக்கு அந்தக் கீரை இந்த ருசியில் கிடைக்காது. அதே மழைக்கு நத்தையும் வெளியே வரும், அதையும் சனம் பொறுக்கிச் சமைக்கும், அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அப்பாவுக்குச் சோறு வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் ஒரு சின்ன குக்கரும் ஊறுகாய்ப் போத்தலும் பெட்டியில் போடுங்கள். சமையலறை உள்ள வீடாக எடுங்கள், எல்லாருக்கும் நிம்மதி.

மழைக்காகம்

இழையை இப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் அக்டோபர் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு நவம்பரை ஏதோ பஞ்சகாலம் மாதிரி பேசுகிறீர்கள். கிரீட் தன் வேலையைப் பார்க்கும் மாதம் நவம்பர்தான். அக்டோபர் கடைசியிலிருந்து கிராமம் கிராமமாகத் திராட்சைச் சக்கையைச் செம்புக் கொதிகலனில் போட்டுச் சிகூடியா என்ற சாராயம் காய்ச்சுவார்கள், ராக்கி என்றும் சொல்வார்கள். கசானி என்று அதற்குக் கூடுவதே ஒரு திருவிழா. தணலில் சுட்ட உருளைக்கிழங்கு, மாதுளை, ஒருவர் லீரா வாசிப்பார், தெரியாதவரையும் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். நவம்பரில் ஒலிவ் அறுவடை தொடங்கும், மரத்தடி எல்லாம் வலை விரித்திருக்கும், ஆலைக்குள் போனால் அப்போது பிழிந்த பச்சை எண்ணெயை ரொட்டியில் ஊற்றித் தருவார்கள், தொண்டையில் காரமாக இறங்கும். நவம்பர் 8-ஐ ஒட்டி அர்காதி மடாலயத்தில் நினைவு நாள்: 1866-இல் ஒட்டோமான் படை சூழ்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் சரணடைய மறுத்து வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்தார்கள், இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். 11-ஆம் தேதி ஹெராக்லியோனின் காவல் புனிதர் மினாஸ் திருநாள். இதெல்லாம் உல்லாசப் பயணிக்காக நடத்துவது இல்லை.

தங்கும் செலவும் இறங்கும். அறைக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று கிரேக்க அரசு வாங்கும் காலநிலை வரி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு விலை, நவம்பர் முதல் மார்ச் வரை அதில் ஒரு சின்னப் பங்குதான். அந்த வரியை ஹோட்டலில் தனியாக வாங்குவார்கள், முன்பதிவு விலையில் சில நேரம் தெரியாது.

கடலோடி

மழைக்காகம், கல்யாணம் ஆகாதவர்களுக்கு நீங்கள் சொல்வது எல்லாம் சரி. சின்னப் பெண் கடலில் இறங்கணும் என்கிறாள், நீங்கள் ஒலிவ் ஆலையைக் காட்டுகிறீர்கள். பள்ளி விடுமுறை வேறு கைவிலங்கு, நவம்பர் 8-க்கு இவரால் எப்படிப் போக முடியும்?

இன்னொன்று. முதல் பெரிய மழையை விளையாட்டாக எடுக்காதீர்கள். கோடை முழுக்கச் சூடேறிய கடலின் மேல் குளிர்ந்த காற்று வந்தால் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும், காய்ந்து கிடந்த ஓடையில் வெள்ளம் பாயும். 2022 அக்டோபர் 15-இல் ஹெராக்லியோனுக்குப் பக்கத்து ஆயியா பெலாயியாவில் கார்கள் கடலுக்குள் போயின, தீவில் உயிர்ச்சேதமும் ஆனது. போனில் 112 என்ற அவசர எண்ணிலிருந்து எச்சரிக்கை அலறினால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். தண்ணீர் ஓடும் தாழ்வான பாலத்தில் காரை இறக்காதீர்கள், வாடகைக் காராக இருந்தாலும் சரி.

மழைக்காகம்

நான் கல்யாணம் ஆனவன்தான், இரண்டு பிள்ளைகளும் உண்டு :) நவம்பர் தொடக்கத்தில் தெற்குக் கரையில் அவர்கள் கடலில் குளித்திருக்கிறார்கள், தண்ணீர் 20, 21 இருக்கும், லீட்ஸ்காரப் பிள்ளைக்கு அது வெந்நீர். ஆபத்து பற்றிச் சொன்னது சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. நான் சொல்ல வந்தது, அக்டோபர் கடைசி என்பது கோடையின் வால் என்று பார்த்துப் போனால் ஏமாற்றம், குளிர்காலத்தின் தலை என்று பார்த்துப் போனால் லாபம். இவர் வாரத்திலேயே கசானி தொடங்கியிருக்கும். எலாஃபோனிசி கடற்கரைக்குப் போகும் மலை வழியில் எலோஸ் என்ற கஷ்கொட்டைக் கிராமம் வரும், அக்டோபரில்தான் அறுவடை. வெறும் கடற்கரைக்கு ஓடாமல் வழியில் இறங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

லீட்ஸ்_திருச்சிக்காரன்

சண்டை போடுங்கள், எனக்கு லாபம்தான். இப்போதைக்கு ரெதிம்னோவில் லிஃப்ட் உள்ள அபார்ட்மெண்ட், கார் ஒன்று, நாள் வாரித் திட்டம் கிடையாது, 28-ஆம் தேதி மட்டும் நோசோஸ். சமரியாவைப் பையனிடம் பேசி இம்ப்ரோஸாக மாற்றிவிட்டேன், கொஞ்சம் முறைத்தான். ஸ்பினலோங்கா தீவு, பாலோஸ் கடற்கரை இரண்டும் பட்டியலில் இருக்கின்றன. காருக்கு என்ன பார்க்க வேண்டும்?

பழங்கல்

ரெதிம்னோவிலிருந்து ஸ்பினலோங்கா தூரம், ஒரு முழு நாள் போய்விடும். வெனிஸ்காரர் கோட்டை, பிறகு 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளை வைத்திருந்த தீவு. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் படகுகள் சீசனோடு குறைந்துவிடும், அம்மாவுக்கு ஏற்ற இறக்கமான கல் பாதையும் சிரமம். அதை விட்டுவிட்டு அந்த நாளை அர்காதிக்கும் குர்னாஸ் ஏரிக்கும் கொடுத்தால் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள், இரண்டும் ரெதிம்னோவிலிருந்து பக்கம்.

நடைப்பித்தன்

பாலோஸுக்குக் காரில் போவதென்றால் கடைசியில் கரடுமுரடான மண்பாதை, அதற்குப் பிறகு இறங்கி ஏற வேண்டிய படிக்கட்டு. பல வாடகை ஒப்பந்தங்களில் மண்பாதைச் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது, "முழுக் காப்பீடு" என்று தலைப்பில் போட்டிருந்தாலும் டயரும் அடிப்பாகமும் விலக்கு என்று உள்ளே இருக்கும். என்னிடம் ஒரு நிறுவனம் காரைத் திருப்பும்போது பம்பருக்குக் கீழே விளக்கடித்துப் பார்த்துக் கீறலுக்குப் பணம் கேட்டது. எடுக்கும்போதே நான்கு பக்கமும் கீழேயும் வீடியோ எடுத்திருந்ததால் தப்பித்தேன். கிஸ்ஸமோஸ் துறைமுகத்திலிருந்து படகு ஓடினால் படகில் போங்கள். அது ஓடாத நாளில் பாலோஸை மறந்துவிடுங்கள், காற்று அடிக்கும் நாளில் அங்கே மணல் மூஞ்சியில்தான் விழும்.

உங்கள் பிரிட்டிஷ் லைசென்ஸ் போதும். அப்பா இந்திய லைசென்ஸில் ஓட்ட நினைத்தால் சர்வதேச அனுமதி வேண்டும், ஆனால் அந்த வடக்கு நெடுஞ்சாலையில் அவரை ஓட்ட விடாதீர்கள். ஒரு தடம்தான் இருக்கும், பின்னால் வருகிறவர் ஒட்டிக்கொண்டே வருவார், நீங்கள் ஓர வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழி விட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். வளைவில் ஒதுங்காதீர்கள், அந்த ஓரத்தில் யாராவது நிறுத்தியிருப்பார்கள். ஆறு பேருக்குச் சின்ன வண்டி எடுத்து மலையில் கஷ்டப்படவும் வேண்டாம், ஏழு இருக்கை வண்டியை இப்போதே சொல்லி வையுங்கள், ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் அதையும் சேர்த்து.

லீட்ஸ்_திருச்சிக்காரன்

நல்லது. கடைசியாக ஒன்று, நானும் பையனும் இம்ப்ரோஸில் இறங்கினால் கார் மேலேயே நின்றுவிடுமே? மற்றவர்கள் என்ன செய்வது?

நடைப்பித்தன்

மேலே இம்ப்ரோஸ் ஊரில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும், கீழே முடியும் இடம் கோமிதாதெஸ். மனைவிக்கு ஓட்டத் தெரியும் என்றால் உங்களை மேலே இறக்கிவிட்டு, பெரியவர்களையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு ஸ்ஃபாக்கியாவுக்குப் போகட்டும். சாலை கொண்டை ஊசி வளைவாக இறங்கும், அம்மா முன்சீட்டில் உட்காரட்டும், தலைசுற்றல் மாத்திரை இருந்தால் கையில் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் நடந்து முடிக்க இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும், அதற்குள் சின்னவள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கடற்கரையில் நனைந்திருப்பாள். ஸ்ஃபாக்கியாவில் சீஸ் வைத்துத் தேன் ஊற்றிய மெல்லிய பிட்டா கிடைக்கும், பால் சாப்பிடுகிறவர்களுக்கு அது மதியச் சாப்பாடு. மனைவி ஓட்ட மாட்டார் என்றால் கோமிதாதெஸில் கடைக்காரர்கள் பிக்கப்பில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடுவார்கள், தலைக்கு இவ்வளவு என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். சீசன் முடிவில் வண்டி குறைவாக இருக்கும், மூன்று மணிக்குள் கீழே இறங்கிவிடுங்கள்.